நடைமேடைப் பலகையிலிருந்து ஓட்டுநரின் கைப்பிடி வரை: ரயிலை நேரத்துக்கு ஓட்டி, மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரயில் நின்றது, கதவு திறந்தது. முதலில் ஏறியவர் தன் பெரிய சூட்கேஸை உள்ளே தூக்கி வைத்தார். வைத்தவர் நகரவில்லை. வாசலிலேயே நின்று சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தார், கதவோரம் எழுதியிருந்த பெட்டி எண்ணைத் தேடினார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பதினோரு பேர். என் கையில் இருந்த ஸ்டாப்வாட்ச் 9 விநாடி காட்டியது. அந்த நேரம் முழுக்க கடைசிப் பெட்டியின் கதவு திறந்தபடி காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஏற ஒருவரும் இல்லை.

இப்படிப் போகும் நேரத்தைப் பதிவேட்டில் ‘பயணிகளால் தாமதம்’ என்று எழுதிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மனிதர் ஆறு நிமிடமாக நடைமேடையில்தான் நின்றிருந்தார். தலைக்கு நேர் மேலே ஒரு பலகை எரிந்துகொண்டிருந்தது. ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் அது சொல்லியது. அவர் பெட்டி எங்கே நிற்கும் என்று சொல்லவில்லை.

ரயில் வருவதற்குள் ஆளைச் சரியான கதவுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்துவதுதான் நடைமேடைப் பலகையின் வேலை. அதனால் மிச்சமாகும் விநாடிகள் ஓட்டுநரின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் மின்சாரமாக மாறும். சேராவிட்டால் அடுத்த நிலையத்துக்கு வெளியே சிவப்பு விளக்கில் நின்று கரைந்துபோகும். பலகை வைப்பவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

விநாடி எப்படி யூனிட் ஆகிறது

வேலையில் இறங்குமுன் கணக்கைப் பார்த்துவிடுவோம். மேலிடத்தில் பணம் கேட்கும்போது இதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

எட்டுப் பெட்டி ரயில், ஒரு பக்கத்தில் பெட்டிக்கு இரண்டு கதவு, மொத்தம் 16. ஒரு நிலையத்தில் 160 பேர் ஏறுகிறார்கள், 80 பேர் இறங்குகிறார்கள். எல்லாக் கதவிலும் சமமாகப் பிரிந்தால் கதவுக்கு 10 பேர் ஏற்றம், 5 பேர் இறக்கம். நடைமேடையும் பெட்டித் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஓர் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு விநாடி. ஆக 15 விநாடியில் வேலை முடிந்தது. ஆனால் மாடிப்படிக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பெட்டிகளையே பாதிப் பேர் தேடுகிறார்கள் என்று வையுங்கள். அந்த நான்கு கதவுகளில் ஒவ்வொன்றிலும் 20 பேர் ஏற வேண்டும், 10 பேர் இறங்க வேண்டும். 30 விநாடி. மற்ற பன்னிரண்டு கதவுகள் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே ஓய்ந்துவிட்டாலும் பயனில்லை. ரயில் கிளம்பும் நேரத்தைத் தீர்மானிப்பது சராசரிக் கதவு அல்ல, நெரிசல் மிகுந்த ஒரே ஒரு கதவுதான்.

இப்படி நிலையத்துக்கு 15 விநாடி. அதை எங்கே செலவழிக்கலாம்? 10 கிலோமீட்டர் தூரத்தில் அடுத்த நிலையம். 400 டன் ரயில், உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். வேகமெடுப்பதும் பிரேக் போடுவதும் விநாடிக்கு விநாடி 0.5 மீட்டர் வீதம் என்று கொண்டால் பயண நேரம் சுமார் 367 விநாடி. உச்ச வேகத்தை 112.5-க்கு இறக்கினால் சுமார் 383 விநாடி. வித்தியாசம் 16 விநாடிதான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 120-இல் அது கிட்டத்தட்ட 62 யூனிட், 112.5-இல் 54 யூனிட். 12 சதவீதக் குறைவு. காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அதிலும் மிச்சம் உண்டு. ரீஜெனரேட்டிவ் பிரேக் (பிரேக் போடும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கித் திருப்பி அனுப்பும் ஏற்பாடு) உள்ள ரயிலில் ஒரு பகுதி மின்சாரம் எப்படியும் திரும்பி வருவதால் நிகர லாபம் இதைவிடக் குறையும். என்றாலும் முழுவதும் திரும்புவதில்லை. நேர்மின்னோட்டத்தில் (டிசி) ஓடும் தடங்களில் பக்கத்தில் இன்னொரு ரயில் அந்த மின்சாரத்தை இழுத்தால்தான் உண்டு; இல்லையென்றால் அது ரெசிஸ்டரில் வெப்பமாகப் போகும்.

ஒரு நிலையத்தில் ஏழெட்டு யூனிட் என்பது சிறு தொகைதான். அதை ஒரு நாளில் அந்தத் தடத்தில் ஓடும் ரயில்களாலும் நிறுத்தங்களாலும் பெருக்கிப் பாருங்கள்.

படி 1: பலகை வாங்குமுன் ஸ்டாப்வாட்ச் வாங்குங்கள்

ஒரு ரயில் நிற்கும் நேரம் என்று பொதுவாகச் சொல்வதற்குள் ஏழெட்டுத் துண்டுகள் இருக்கின்றன. சக்கரம் நின்றது, கதவின் பூட்டு விட்டது, கதவு திறந்தது, கடைசி ஆள் இறங்கினார், கடைசி ஆள் ஏறினார், கதவு மூடத் தொடங்கியது, மூடி முடிந்தது, சக்கரம் உருண்டது. இவற்றைத் தனித்தனியாகக் குறியுங்கள். பயணிகள் தகவலால் குறையக்கூடியது நடுத்துண்டுகள் மட்டுமே. கடைசி ஆள் ஏறிய பிறகும் ரயில் 20 விநாடி நின்றால் கோளாறு சிக்னலிலோ கார்டின் நடைமுறையிலோ இருக்கிறது. அதற்குப் பலகை மருந்தாகாது. இதைப் பாராமல் பலகைக்குச் செலவு செய்துவிட்டு ‘பயன் இல்லை’ என்று கைவிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு கதவுக்கும் ஏறியவர், இறங்கியவர் எண்ணிக்கை தனியாக வேண்டும். ஒரே ஆளால் எல்லாக் கதவையும் பார்க்க முடியாது. இரண்டு பெட்டிக்கு ஓர் ஆள், அல்லது கேமரா. குறைந்தது இரண்டு வாரம், நெரிசல் நேரத்திலும் ஓய்வு நேரத்திலும். மழை பெய்த நாளைத் தனியாகக் குறித்துவையுங்கள். அன்று எல்லாரும் கூரைக்கடியில்தான் நிற்பார்கள், அது வேறு கதை.

கிடைத்த எண்களில் சராசரியை விட்டுவிட்டு, பத்தில் ஒன்பது ரயில்கள் எந்த நேரத்துக்குள் கிளம்பின என்று பாருங்கள். சராசரி 35 விநாடியாக இருந்து, மோசமான நாளில் 70 ஆகிறது என்றால், அட்டவணை போடுபவர் 70-ஐ மனதில் வைத்துத்தான் இடம் விடுவார். பலகை குறைக்க வேண்டியது அந்த 70-ஐ.

படி 2: நடைமேடைக்கு முகவரி கொடுங்கள்

‘முன்பக்கம் போங்கள்’ என்ற அறிவிப்பைவிட வீணானது எதுவுமில்லை. ரயில் எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரியாதவருக்கு எது முன், எது பின்? ஐரோப்பாவின் பெரிய நிலையங்களில் நடைமேடையை ஏ, பி, சி, டி என்று பகுதிகளாகப் பிரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போய், கதவு வந்து நிற்கும் இடத்தையே தரையில் கோடு போட்டுக் காட்டிவிடுகிறார்கள். இரண்டும் மின்சாரம் கேட்காத தகவல் பலகைகள். டிஜிட்டல் திரைக்கு ஆகும் செலவில் ஒரு துளிதான் பெயின்டுக்கு ஆகும்.

இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: ரயில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எட்டுப் பெட்டி ரயிலுக்கு ஒரு நிறுத்தக் குறி, பன்னிரண்டு பெட்டி ரயிலுக்கு வேறு குறி என்று தண்டவாளத்தோரம் ஓட்டுநர் கண்ணில் படும்படி நட்டுவையுங்கள். குறுகிய ரயிலை மாடிப்படிக்கு நேராக நிறுத்துவதா, நடைமேடை நடுவிலா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அடுத்தடுத்த எல்லா நிலையங்களிலும் மாடிப்படி ஒரே முனையில் இருந்தால் ஒரே பெட்டிதான் வழிநெடுக அடிவாங்கும். அப்படிப்பட்ட தடத்தில் நிறுத்தக் குறியை ஒரு நிலையத்தில் 40 மீட்டர் தள்ளி வைப்பது, பத்துத் திரைகள் செய்யாததைச் செய்துவிடும்.

படி 3: பெட்டி வரிசை, பொய் சொல்லாத ஒரே இடத்திலிருந்து

ஒரு நாள் திரையில் முதல் பெட்டி ஏ பகுதியில் என்று காட்டியது. மக்களும் நம்பி, வரிசையாக நின்றார்கள். ரயில் வந்தது, தலைகீழாக. முந்தைய முனையத்தில் திருப்பிவிட்டதைத் தகவல் அறைக்கு யாரும் சொல்லவில்லை. ஏ-யில் நின்றவர்கள் டி-யை நோக்கியும், டி-யில் நின்றவர்கள் ஏ-யை நோக்கியும் ஓட, நடுவில் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டார்கள். பலகையே இல்லாத நாளில் ஆகும் தாமதத்தைவிட அன்று அதிகம். அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு அந்த நடைமேடையில் பலகையை யாரும் நம்பவில்லை.

ஆகவே வரிசைத் தரவை அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். ரயிலிலிருந்தே எடுங்கள். புது ரயில்களில் எந்தப் பெட்டி முன்னால் ஓடுகிறது என்பது உள்கணினிக்குத் தெரியும். பழைய ரயில்களானால் பெட்டிப் பக்கவாட்டில் ஆர்எஃப்ஐடி வில்லை (ரேடியோ அலையால் அடையாளம் சொல்லும் சிறு சில்லு) ஒட்டி, தண்டவாளத்தோரம் படிப்பான் வைக்கலாம். அல்லது இரண்டு நிலையம் முன்னால் ஒரு கேமரா. எதுவும் இல்லாவிட்டால், முந்தைய நிலையத்தில் ஓர் ஊழியர் கண்ணால் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தட்டும். மட்டமாகத் தோன்றினாலும் நம்பத்தகுந்தது.

வரிசை உறுதியாகவில்லையென்றால் பெட்டி விவரத்தை மறைத்துவிட்டு நேரத்தை மட்டும் காட்டும்படி முதல் நாளே அமையுங்கள்.

படி 4: நெரிசலை அளப்பது

இதற்குப் புதுக் கருவி வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். ஏர் ஸ்பிரிங் (பெட்டியைத் தாங்கும் காற்றடைத்த ஸ்பிரிங்) உள்ள பெட்டிகளில் அந்தத் தகவல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. சுமை கூடினால் பிரேக்கை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். அதற்காகவே ஸ்பிரிங்கின் காற்றழுத்தம் அளக்கப்படுகிறது. காலிப் பெட்டியின் எடையைக் கழித்து, ஓர் ஆளுக்கு 70 கிலோ என்று வகுத்தால் ஏறக்குறைய தலை எண்ணிக்கை. ஜப்பானின் ஜேஆர் கிழக்கு ரயில் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட செயலியில் டோக்கியோவின் யாமனோத்தே தடத்து ரயில்களின் பெட்டிவாரி நெரிசலைக் காட்டியதும் இந்த வழியில்தான். கதவுக்கு மேல் வைக்கும் எண்ணும் சென்சார்கள் இன்னும் துல்லியம்; விலையும் பராமரிப்பும் அதற்கேற்ப. மூன்று நிறம் காட்டப்போகிற பலகைக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு? ‘இடம் உண்டு, நிற்கலாம், நிரம்பிவிட்டது’ என்ற மூன்றுக்கு எடையே போதும்.

ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. முந்தைய நிலையத்தை விட்டுக் கிளம்பியபோது இருந்த நெரிசல் உங்கள் பயணிக்கு முக்கியமில்லை. உங்கள் நிலையத்தில் இறங்குவோர் போனபின் மிச்சமிருப்பதுதான் முக்கியம். நிரம்பி வரும் மூன்றாம் பெட்டியில் பாதிப் பேர் இங்கேயே இறங்குகிறவர்கள் என்றால் அதைச் சிவப்பாகக் காட்டுவது தவறு. அதே சமயம் அந்தக் கதவில் இறக்கம் அதிகம் என்பதால் அங்கே ஏறுவதும் தாமதமாகும். முதல் படியில் கதவுவாரியாக எண்ணிய கணக்கு இங்கே கைகொடுக்கும்.

தரவை அனுப்பச் சொந்தமாக ஒரு வடிவம் கண்டுபிடிக்க வேண்டாம். பொதுப் போக்குவரத்துத் தகவலை உடனுக்குடன் பகிரும் பொது வடிவமான ஜிடிஎஃப்எஸ் ரியல்டைமில் பெட்டிவாரி நெரிசலைச் சொல்ல இடம் இருக்கிறது. அதைப் பின்பற்றினால் பலகை, செயலி, ஒலிபெருக்கி மூன்றும் ஒரே செய்தியைச் சொல்லும்.

படி 5: என்ன சொல்வது, எங்கே, எப்போது

‘எப்போது’ என்பதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எட்டுப் பெட்டி ரயில் ஏறத்தாழ 190 மீட்டர். நடுவில் நிற்பவர் கடைசிவரை போக 95 மீட்டர். கூட்டத்துக்குள் சூட்கேஸோடு நடப்பவருக்கு விநாடிக்கு ஒரு மீட்டரே அதிகம். அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு மேல். முனையில் நிற்பவருக்கு மறுமுனை மூன்று நிமிடம். ஆகவே பெட்டித் தகவல் ரயில் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே பலகையில் இருக்க வேண்டும், கடைசி ஒன்றரை நிமிடத்தில் மாறக்கூடாது. ரயில் கண்ணில் தெரியும்போது நிறம் மாறினால் ஆட்கள் நடைமேடை விளிம்பில் ஓடுவார்கள். அது தாமதத்தைவிட மோசமான விஷயம்.

எங்கே என்றால், நடைமேடையில் நுழையும் இடத்தில். முடிந்தால் அதற்கும் முன்னால், மாடிப்படி ஏறுமுன். ஒருமுறை ஓரிடத்தில் நின்று, சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டவரை நகர்த்துவது கடினம். நின்றபின் படிக்கும் பலகையைவிட நடந்துகொண்டே படிக்கும் பலகைக்குப் பலன் அதிகம். நெதர்லாந்தின் டென் போஷ் நிலையத்தில் நடைமேடை நெடுக 180 மீட்டர் நீளத்துக்கு ஓர் எல்இடி பட்டையைத் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். கதவு எங்கே வரும், எந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது என்பதை அந்தந்த இடத்துக்கு நேர் மேலேயே அது காட்டியது. வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய வரைபடம் இல்லாமல், இடமே தகவலாகிவிட்ட ஏற்பாடு. எல்லாராலும் அவ்வளவு செலவு செய்ய முடியாது. ஆனால் ஒவ்வொரு பகுதி எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு சிறு மூவண்ண விளக்கு வைத்தாலே அதில் பாதி கிடைத்துவிடும்.

‘என்ன’ என்பதற்கு என் ஒரே விதி: பயணிக்கு லாபமானதைச் சொல்லுங்கள். ரயில்வேயின் நிறுத்த நேரம் குறைய வேண்டும் என்பதற்காக யாரும் நூறு மீட்டர் நடக்க மாட்டார்கள். உட்கார இடம் கிடைக்கும் என்றால் நடப்பார்கள். ‘பயணிகள் நடைமேடை முழுவதும் பரவி நின்று ஒத்துழைக்கவும்’ என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ‘7, 8-ஆம் பெட்டிகளில் உட்கார இடம் உண்டு, டி பகுதிக்கு வாருங்கள்’ என்றால் தலைகள் திரும்பும். தினமும் வருகிறவர்கள் தாங்கள் இறங்கும் நிலையத்தின் வெளிவாசலை வைத்துப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பவர்கள். அவர்களை மாற்ற முயல வேண்டாம். எப்போதாவது வருகிறவர்களும், எந்தக் கதவானாலும் சரி என்று இருப்பவர்களும் நகர்ந்தாலே நெரிசல் மிகுந்த கதவில் கூட்டம் குறையும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் வேறுபடாத கண்கள் உண்டு. நிறத்தோடு ஓர் உருவமும் சேருங்கள், உதாரணமாக ஒரு ஆள், இரண்டு ஆள், மூன்று ஆள். பார்வையற்றவர்களுக்கு அதே தகவல் ஒலியில் வேண்டும். சக்கர நாற்காலிக்கான கதவு எந்தப் பகுதியில் வரும் என்பது எல்லாவற்றுக்கும் முதலில் இருக்க வேண்டும். சாய்வுப் பலகையோடு ஊழியர் சரியான இடத்தில் காத்திருந்தாலே பல நிமிடங்கள் மிச்சம்.

படி 6: கடைசி நேர நடைமேடை மாற்றம்

இதற்கு நல்ல வழி, மாற்றாமல் இருப்பது. தவிர்க்க முடியாதபோது, புது நடைமேடைக்கு மெதுவாக நடப்பவர் போய்ச்சேர ஆகும் நேரத்தை அளந்து, அதற்குக் குறைவான அவகாசத்தில் மாற்ற அனுமதி இல்லை என்று கட்டுப்பாட்டு அறையில் விதி வையுங்கள்.

படி 7: கதவு மூடும் கணம்

ரயில் கிளம்பும் நேரம் 8:15 என்று பலகை சொன்னால், 8:14:50-க்கு வருகிறவர் ஏற நினைப்பது அவர் குற்றமில்லை. கதவு 8:14:30-க்கே மூடும் என்றால் அந்த நேரத்தைச் சொல்லுங்கள். அதே நேரம், விநாடிக் கணக்கில் இறங்கும் எண்ணைப் பெரிதாகக் காட்டினால் ஓட்டப்பந்தயம் தொடங்கிவிடும். மூடும் கதவில் கையை நீட்டுவார்கள், கதவு மறுபடி திறக்கும், 8 விநாடி போகும். நான் விரும்புவது இது: கதவு மூடுவதற்கு 30 விநாடி முன்பு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பலகையிலிருந்து இந்த ரயிலை அகற்றிவிட்டு, அடுத்த ரயிலின் நேரத்தைக் காட்டுவது. ஓட ஒரு காரணம் இல்லாமல் போகும். அடுத்த ரயில் நான்கு நிமிடத்தில் என்று தெரிந்தால் ஓடுபவர் இன்னும் குறைவார்.

படி 8: விநாடியை ஓட்டுநரிடம் சேர்ப்பது

மேலே சொன்ன எல்லாவற்றாலும் நிற்கும் நேரம் 15 விநாடி குறைந்துவிட்டது என்று வைப்போம். அட்டவணைப்படி கிளம்பும் நேரம் வராமல் ரயில் நகர முடியாது. மிச்சம் பிடித்த விநாடி அதே நடைமேடையில் உட்கார்ந்திருக்கும். நேரம் தவறாமை கூடும், மின்சாரம் ஒரு யூனிட்டும் குறையாது. ஆகவே அட்டவணை மாற வேண்டும். நிறுத்தத்துக்கு ஒதுக்கியதில் 15 விநாடியை எடுத்து ஓட்டத்துக்குக் கொடுங்கள். அடுத்த நிலையத்துக்குப் போய்ச்சேரும் நேரம் மாற வேண்டாம். பொதுமக்கள் அட்டவணை நிமிடத்தில் இருக்கலாம், பணியாளர் அட்டவணை நிமிடத்தில் இருந்தால் இந்த 15 விநாடியை எழுதவே இடம் இருக்காது. ஜப்பானில் பணியாளர் அட்டவணை 15 விநாடி அலகில் ஓடுவது வெறும் கண்டிப்புக்காக அல்ல.

பிறகு அந்த நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்று ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும். உச்ச வேகத்தைக் குறைப்பது ஒரு வழி. மோட்டாரை அணைத்துவிட்டு உருளவிடுவது இன்னொன்று. ரயில்காரர்கள் கோஸ்டிங் என்பார்கள். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருள்வதால் ரயில் கிலோமீட்டர் கணக்கில் வேகம் அதிகம் இழக்காமல் போகும். எந்த இடத்தில் அணைக்கலாம் என்பதற்குத் தடத்தோரம் ஒரு குறிப்பலகை போதும். வசதி இருந்தால் ஓட்டுநர் அறையில் ஆலோசனைத் திரை. சுவிட்சர்லாந்து ரயில்வே, முன்னால் தடம் அடைபட்டிருப்பது தெரிந்தால் ஓட்டுநருக்கு முன்கூட்டியே குறைந்த வேகத்தைப் பரிந்துரைத்து, சிவப்பு சிக்னலில் நிற்காமல் நழுவிப்போக வைக்கிறது. 400 டன் ரயில் மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து தேவையில்லாமல் நின்று மறுபடி அந்த வேகத்தை எட்ட 43 யூனிட் இயக்க ஆற்றலைப் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பதைப் பார்த்தால் இந்தப் பரிந்துரையின் மதிப்பு புரியும்.

தாமதமாக ஓடும் ரயிலுக்கு இந்த ஆலோசனை தானாகவே மறைந்துவிட வேண்டும். நேரமா மின்சாரமா என்ற சண்டையில் ஓட்டுநரைத் தனியாக மாட்டிவிடக் கூடாது.

படி 9: சோதனை

ஒரு தடம், நெரிசல் உள்ள மூன்று நிலையங்கள், ஆறு வாரம். முதல் வாரத்து எண்களை நம்ப வேண்டாம். புதுப்பலகையைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். அதே ரயில், அதே கதவு, அதே கிழமை என்று ஒப்பிடுங்கள். பலகை மாறாத பக்கத்துத் தடத்தையும் கூடவே அளங்கள். பள்ளி விடுமுறையில் கூட்டம் குறைந்ததைப் பலகையின் வெற்றி என்று எழுதிவிடாமல் இருக்க அதுதான் வழி. மின்சாரத்துக்கு, ரயிலிலேயே உள்ள மீட்டரில் இழுத்தது எவ்வளவு, திருப்பியது எவ்வளவு என்று இரண்டையும் நிலையத்துக்கு நிலையம் பிரித்து எடுங்கள். ஏசியும் விளக்கும் குடிப்பதைத் தனியாகக் கழிக்க வேண்டும். வெயில் ஏறிய வாரத்தில் அது மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும்.

பலகைகள் எரிக்கும் மின்சாரத்தையும் செலவில் சேருங்கள். பகலின் வெளிச்சத்துக்கு வைத்த பிரகாசத்தை இரவிலும் அப்படியே விட்டுவைப்பவர்கள் உண்டு. ஒளி உணரி ஒன்று வைத்தால் முடிந்தது.

ஆறாவது வாரக் கடைசியில் நான் செய்வது, பழையபடி அந்த நெரிசல் மிகுந்த கதவுக்கு எதிரே ஸ்டாப்வாட்சோடு போய் நிற்பது. அங்கே ஏறுவோர் 20-லிருந்து 14 ஆகியிருந்தால், அட்டவணைக்காரரை அழைத்துவந்து பக்கத்தில் நிறுத்தி, அடுத்த ரயிலை அவரையே எண்ணச் சொல்வேன்.